பக்கத்துப் பூங்காவில் பார்க்க என்ன இருக்கிறது?

வேளச்சேரிக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகப்போகிறது, ஆறு வயதில் பெண் இருக்கிறாள், ஞாயிறு வந்தால் ஷாப்பிங் மாலை விட்டால் வேறு போக்கிடம் தெரியவில்லை, சென்னைக்குள்ளேயே இயற்கை என்று சொல்லும்படி எங்கே போகலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். இடங்களின் பெயர்களைச் சிலர் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள். எல்லாம் சரியான பெயர்கள்தான். ஆனால் கேள்வியின் நடுவில் ஒரு வரி எழுதியிருந்தீர்கள்: "தெருமுனையில் கார்ப்பரேஷன் பார்க் இருக்கிறது, நடைபாதையும் ஊஞ்சலும்தான், பத்து நிமிடத்தில் பெண் வீட்டுக்குப் போலாம்ப்பா என்கிறாள்." எனக்கு அதுதான் கேள்வியாகப் படுகிறது. தெருமுனையில் பத்து நிமிடத்தில் அலுத்துப்போகிற குழந்தை பள்ளிக்கரணையில் அரை மணி நேரத்தில் அலுத்துப்போகும். அதனால் எங்கே போவது என்பதோடு, போய் எதைப் பார்ப்பது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன். கொஞ்சம் நீளும்.

எதை எவ்வளவு நம்பலாம் என்று தெரிய வேண்டுமே, அதற்காக என்னைப் பற்றி இரண்டு வரி. கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவன். பல வருடங்களாக வார இறுதிகளில் சென்னைப் பூங்காக்களில் மரம் பார்க்கும் நடைகளை நடத்தி வருகிறேன். செடி, மரம் பற்றிச் சொல்வதைத் தைரியமாக எடுத்துக்கொள்ளலாம். பறவைகள் எனக்குப் பழகிய விஷயம், ஆனால் படித்த விஷயமல்ல. பாம்பு, சிலந்தி, காளான் என்று வந்தால் நானே வேறு ஆளைத்தான் கேட்பேன். நுழைவு நேரமும் கட்டணமும் அடிக்கடி மாறுகிறவை. கிளம்பும் முன் ஒரு தடவை விசாரித்துக்கொள்ளுங்கள்.

என் யோசனை எளிது. பத்து இடங்களுக்கு ஒவ்வொரு தடவை போவதைவிட ஒரே இடத்துக்குப் பத்துத் தடவை போங்கள். அந்த ஓர் இடம் தெருமுனைப் பூங்காவாகவே இருக்கட்டும். சென்னையில் இலையுதிர்காலம், வசந்தகாலம் என்று பளிச்சென்று பிரிந்து வராது. வெயில், அதிக வெயில், மழை என்று கேலி செய்வார்கள். ஒரே மரத்தின் கீழ் மாதம் ஒருமுறை நின்றவர்களுக்கு அந்தக் கேலி சரிப்படாது. ஜனவரியில் இருந்த பறவை ஏப்ரலில் இருக்காது, ஏப்ரலில் இருக்கும் பூ ஜூலையில் காயாகத் தொங்கும். முதல் தடவை போகிறவருக்கு எதுவும் மாறியதாகத் தெரியாது, ஏனென்றால் ஒப்பிட்டுப் பார்க்க அவரிடம் எதுவும் இல்லை. மூன்றாம் தடவையிலிருந்துதான் வேடிக்கை தொடங்கும்.

கார்ப்பரேஷன் பூங்காக்கள் ஏன் எல்லாமே ஒரே மாதிரி இருக்கின்றன என்று உங்களுக்குத் தோன்றியிருக்கும். பெரும்பாலானவை யாரும் இயற்கைக்காக ஒதுக்கியவை அல்ல. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்தில் மனை பிரித்தால் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்பார்கள். அப்படிக் கிடைத்த துண்டு நிலத்தில் சுற்றுச்சுவர் எழுப்பி, நடைபாதை போட்டு, குரோட்டன்ஸ் நட்டு, ஊஞ்சல் வைத்தால் பூங்கா தயார். பழைய பூங்காக்களுக்கு வேறு கதை. 1920களில் மாம்பலத்தில் லாங் டேங்க் என்ற பெரிய ஏரியைத் தூர்த்துத்தான் தி. நகர் எழுந்தது. பனகல் பார்க்கில் நடப்பவர்கள் ஒரு காலத்தில் தண்ணீர் நின்ற பகுதியில்தான் நடக்கிறார்கள். வேளச்சேரிக்காரருக்கு இதையெல்லாம் விளக்க வேண்டியதில்லை, மழைக்காலத்தில் தண்ணீரே வந்து நினைவூட்டிவிடும்.

ஆக, பூங்காவில் முதலில் தரையையும் குரோட்டன்ஸையும் விட்டுவிட்டுப் பெரிய மரங்களைப் பாருங்கள். தென்சென்னைப் பூங்கா என்றால் ஒரு புங்கமோ வேம்போ நிச்சயம் இருக்கும். தூங்குமூஞ்சி, இயல்வாகை, சரக்கொன்றை, பூவரசு, நாட்டு வாதுமை இவற்றில் இரண்டு மூன்றாவது இருக்கும். நாம் நம்மூர் மரம் என்று நினைத்துக்கொண்டிருக்கும் பல மரங்கள் வந்தேறிகள். தூங்குமூஞ்சி அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலப் பகுதியிலிருந்து வந்தது, குல்மோகர் மடகாஸ்கரிலிருந்து, கோயில்களில் பார்க்கும் நாகலிங்கம்கூடத் தென் அமெரிக்காவிலிருந்து. அதற்காக அவற்றை வெறுக்க வேண்டியதில்லை. தூங்குமூஞ்சியின் பொந்துகளில் புள்ளி ஆந்தைகள் குடும்பம் நடத்துகின்றன. ஆந்தைக்கு மரத்தின் பூர்வீகம் பற்றிக் கவலை இல்லை.

ஒரு மரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் புங்கத்தைச் சொல்வேன். பிப்ரவரி, மார்ச்சில் இலை உதிர்ந்து, சில நாள்களிலேயே மரம் முழுக்க இளம்பச்சைத் தளிர் மின்னும். அதன் பின்னாலேயே வெள்ளையும் வெளிர் ஊதாவுமாகப் பூ. கீழே நடைபாதையில் பொரி கொட்டினது போல் பூ கிடக்கும். பெருக்குகிறவருக்கு அது குப்பை, தேனீக்கு விருந்து. பூத்த மரத்தடியில் நின்று காதைத் தீட்டச் சொல்லுங்கள், ரீங்காரம் கேட்கும். இலைகளை உற்றுப் பார்த்தால் சிலவற்றில் சின்னச் சின்ன முடிச்சுகள் எழும்பியிருக்கும். கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணிகள் இலையின் வளர்ச்சியையே திருப்பித் தமக்கு வீடு கட்ட வைத்திருக்கின்றன. மரத்துக்கு அதனால் பெரிய கேடு இல்லை. இந்த ஒரு மரமே ஒரு குழந்தைக்கு இரண்டு மாதம் தாங்கும்.

அதே புங்கத்திலோ பக்கத்து மாமரத்திலோ முசுறு எறும்பின் கூடு இருக்கிறதா பாருங்கள். செந்நிறத்தில், நீண்ட காலோடு, கடித்தால் உயிர் போகிற எறும்பு. உயிருள்ள இலைகளையே மடக்கித் தைத்த பந்து மாதிரி கூடு இருக்கும். தைக்கும் விதம்தான் அற்புதம். வேலைக்கார எறும்புகள் வரிசையாக நின்று இரண்டு இலை விளிம்புகளையும் இழுத்துப் பிடிக்கும். இன்னும் சில எறும்புகள் தங்கள் புழுக்களை வாயில் கவ்விவந்து, புழு விடும் பட்டு நூலால் இந்த விளிம்பையும் அந்த விளிம்பையும் மாறி மாறி ஒட்டும். வளர்ந்த எறும்புக்கு நூல் விடத் தெரியாது, புழுவுக்குத்தான் தெரியும். இதைச் சொல்லிக் காட்டியபின் ஊஞ்சலை மறந்த குழந்தைகளை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓர் எட்டு தள்ளியே நில்லுங்கள்.

அரசமரமோ ஆலமரமோ பூங்காவில் இருந்தால் உங்களுக்கு யோகம். அது பழுக்கும் வாரத்தைத் தவறவிடாதீர்கள். குயில், மைனா, சின்னான், மாங்குயில், பச்சைக்கிளி, குக்குறுவான் எல்லாம் ஒரே கிளையில் பந்திக்கு வரும். இரவில் பழந்தின்னி வௌவால்கள் இரண்டாம் பந்தி. வெவ்வேறு மரங்கள் வெவ்வேறு சமயங்களில் பழுப்பதால் நாள் குறித்துக் கொடுக்க முடியாது. கீழே எச்சமும் பிஞ்சும் கொட்டிக் கிடந்தால் மேலே விருந்து நடக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

பறவைகளுக்கு வருவோம். காலை ஆறரை முதல் எட்டு வரை நல்ல நேரம். வெயில் ஏறிவிட்டால் காக்கையும் புறாவும்தான். சாதாரணக் குடியிருப்புப் பூங்காவில் ஒரு மணி நேரம் நின்றால் பத்துப் பன்னிரண்டு வகை தட்டுப்படும்: மைனா, தவிட்டுக்குருவி, தையல்சிட்டு, தேன்சிட்டு, கரிச்சான், செண்பகம், வால்காக்கை, மீன்கொத்தி. தண்ணீரே இல்லாத இடத்தில் மீன்கொத்திக்கு என்ன வேலை என்று கேட்பார்கள். வெண்தொண்டை மீன்கொத்தி ஓணான், வெட்டுக்கிளி, பூரான் எல்லாம் தின்னும், மீன் அதன் உணவில் ஒரு பகுதிதான். கோடை நெருங்கும்போது "டுக், டுக், டுக்" என்று யாரோ தொலைவில் செம்பு தட்டுகிற மாதிரி விடாமல் ஒரு சத்தம் கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். சிட்டுக்குருவியைவிடக் கொஞ்சம் பெரிது, பச்சை உடம்பு, நெற்றியிலும் மார்பிலும் சிவப்பு. பட்ட கிளையின் அடிப்பக்கத்தில் காசு அளவுக்கு வட்டமாகப் பொந்து குடைந்து முட்டையிடும். அதனால்தான் பட்ட கிளை அத்தனையும் வெட்டித் தள்ளும் பராமரிப்பைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நடைபாதைக்கு மேலே நீளும் கிளை ஆபத்து, வெட்டத்தான் வேண்டும். யார் தலையிலும் விழாத மூலையில் இருக்கும் பட்ட கிளையை விட்டுவைத்தால் என்ன?

செப்டம்பர் கடைசியிலிருந்து அக்டோபருக்குள் ஒரு விருந்தாளி வரும். ஆறுமணிக்குருவி என்கிற தோட்டக்கள்ளன். இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடுகட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிறது. பச்சை, நீலம், மஞ்சள், அடிவயிற்றில் சிவப்பு என்று நிறம் நிறமாக இருந்தும் கண்ணில் படாது, புதர் நிழலில் தரையில் சருகைப் புரட்டிக்கொண்டிருக்கும். விடியும்போதும் பொழுது சாயும்போதும் இரண்டு அசையில் விசிலடிக்கும், அதை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். வந்த களைப்பில் அடுக்குமாடி பால்கனியில் விழுந்து கிடப்பதும் உண்டு. அப்படி ஒன்று கிடைத்தால் காற்றுத் துளை போட்ட அட்டைப்பெட்டியில் வைத்து, சத்தமில்லாத இடத்தில் சில மணி நேரம் விட்டு, தெளிந்ததும் புதர் அருகில் திறந்துவிடுங்கள். வாயில் தண்ணீர் ஊற்ற வேண்டாம், புரை ஏறிவிடும். இறக்கை தொங்கினால் வனத்துறைக்குச் சொல்வதே வழி.

பெண்ணுக்கு அலுக்காமல் இருக்க என்ன செய்வது? பெயர் சொல்லிக் கொடுப்பதில் தொடங்காதீர்கள், அங்கேதான் பள்ளிக்கூட வாடை வந்துவிடும். வேலை கொடுங்கள். ஓட்டை இல்லாத வாதுமை இலை ஒன்று கண்டுபிடி, எறும்புச்சாரி எங்கே முடிகிறது பார், இந்த மரத்தில் எத்தனை விதப் பட்டை நிறம் என்று சொல். உதிர்ந்த இலை, காய், இறகு பொறுக்கலாம். செடியிலிருந்து பறிக்க வேண்டாம் என்ற ஒரே விதி போதும். பூங்கா ஓரத்தில் யாரும் நடாமல் முளைத்த குப்பைமேனி, நாயுருவி, துத்தி, தும்பை, வெட்டுக்காயப்பூண்டு இருக்கும். நட்ட பூச்செடிகளைவிட அங்கேதான் வண்ணத்துப்பூச்சி அதிகம். எருக்கு முளைத்திருந்தால் இலையின் அடியில் பாருங்கள்: கறுப்பு, வெள்ளை, மஞ்சள் வரியோடு புழு இருந்தால் அது வெந்தய வரியனின் குழந்தை. எருக்கம்பாலின் நச்சைத் தன் உடம்பில் சேர்த்துக்கொள்வதால் பறவைகள் அதைத் தொடாது. உங்களுக்கும் அதே எச்சரிக்கை, எருக்கம்பால் கண்ணில் பட்டால் பெரிய தொல்லை. வீட்டுத் தொட்டியில் கறிவேப்பிலை இருந்தால் பூங்காவுக்கே போக வேண்டாம், வண்ணத்துப்பூச்சி தானே வந்து முட்டையிட்டுவிட்டுப் போகும்.

இரண்டு மூன்று மாதம் இப்படிப் பழகியபின் பள்ளிக்கரணைக்குப் போங்கள். உங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம். வேளச்சேரியில் இருந்துகொண்டு பறவை பார்க்க வேடந்தாங்கலுக்கு 80 கிலோமீட்டர் போகிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும் (வேடந்தாங்கலும் அருமைதான், அது வேறு). பள்ளிக்கரணை நன்னீர்ச் சதுப்பு. தென்சென்னையின் ஏரிகள் நிரம்பி வழியும் தண்ணீர் இங்கே வந்து தங்கி, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் சேர்ந்து, கோவளம் பக்கமாகக் கடலுக்குப் போகிறது. சதுப்பின் பெரும்பகுதி குப்பைமேடாகவும் சாலையாகவும் கட்டடமாகவும் போய்விட்டது. 2007இல் ஒரு பகுதி காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது, 2022இல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. பெருங்குடிக் குப்பைமேடு கண்ணுக்கு நேரே தெரியும், மூக்குக்கும் தெரியும். குழந்தை கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள், நம் வீட்டுக் குப்பையும் அங்கேதான் போய்ச் சேர்ந்தது.

போகிற காலம் டிசம்பர் கடைசி முதல் மார்ச் வரை. மழை முடிந்த கையோடு போனால் தண்ணீர் ஆழமாக இருக்கும். வாத்துகளுக்கும் நாமக்கோழிகளுக்கும் அது வசதி, நீந்துகிற பறவைகள்தான் அதிகம் தெரியும். தண்ணீர் வற்ற வற்ற ஆள் மாறும். கணுக்கால் ஆழத்தில் நெடுங்கால் உள்ளான், சேறு தெரியும் இடத்தில் சின்ன உள்ளான்கள், மிதக்கும் இலைகள் மேல் இலைக்கோழி, கோரைப் புதர் விளிம்பில் நீலத் தாழைக்கோழி. கால் நீளம், அலகு நீளம் இவற்றைப் பார்த்தே எந்தப் பறவை எந்த ஆழத்தில் மேயும் என்று ஆறு வயதுக் குழந்தை ஊகித்துவிடும்; அந்த விளையாட்டை ஆடிப் பாருங்கள். நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, தட்டைவாயன் எல்லாம் சைபீரியா, மத்திய ஆசியா பக்கத்திலிருந்து வந்தவை. கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் அரிவாள்மூக்கனும் நம் நாட்டிலேயே கூடு கட்டுபவை. தண்ணீர் ஆழம் குறைந்த சமயம் பார்த்துப் பூநாரைகள் இறங்கும். இலைக்கோழியைப் பற்றி ஒரு சேதி, பெண்ணிடம் சொல்லுங்கள்: முட்டையிடுவதோடு தாயின் வேலை முடிந்தது, அடைகாப்பதும் குஞ்சு வளர்ப்பதும் அப்பா வேலை. வீட்டில் இதனால் பேச்சு வளர்ந்தால் நான் பொறுப்பல்ல.

நிற்கும் இடம் முக்கியம். பல்லாவரம் – துரைப்பாக்கம் 200 அடி சாலையில் வண்டிகள் பறக்கும். சாலை ஓரத்தில் நின்று பறவை பார்க்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், குழந்தையோடு அப்படி நிற்காதீர்கள். அந்தச் சாலையை ஒட்டி நடைபாதையோடு சூழல் பூங்கா அமைத்திருக்கிறார்கள், அங்கிருந்து பாருங்கள். சதுப்புக்குள் இறங்க யாருக்கும் அனுமதியில்லை. பெரும்பாக்கம் பக்கம் இருக்கும் நீர்ப்பரப்பும் அதே அளவு நல்ல இடம், பறவை பார்க்கிறவர்கள் பலர் அங்கேதான் கூடுகிறார்கள். இங்கே மட்டும் இருநோக்கி (பைனாகுலர்) இருந்தால் நல்லது. எட்டு மடங்கு பெருக்கிக் காட்டும், 8x42 என்று போட்டது போதும், அதிகம் பெருக்கிக் காட்டுவது கையில் நடுங்கும். தெருமுனைப் பூங்காவுக்கு எதுவும் வாங்க வேண்டாம்.

அடுத்தது கிண்டி. 1821இல் அரசு வாங்கிய தோட்டப் பங்களாவைச் சுற்றி மிஞ்சிய காடு, 1978இல் தேசியப் பூங்கா ஆனது. பரப்பு 2.7 சதுர கிலோமீட்டர்தான். இந்தியாவின் மிகச் சிறிய தேசியப் பூங்காக்களில் ஒன்று. உள்காட்டுக்கு வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. எல்லாரும் போகிறது அதை ஒட்டிய சிறுவர் பூங்காவுக்கும் பாம்புப் பண்ணைக்கும், செவ்வாய்க்கிழமை விடுமுறை. கூண்டுகளை ஒருமுறை பார்த்துவிட்டு மரங்களுக்குத் திரும்புங்கள். கிண்டியில் மிஞ்சியிருப்பது வறண்ட பசுமைமாறாக் காடு, சோழமண்டலக் கரைக்கே உரியது. உயரமில்லாத, தடித்த இலை கொண்ட, வருடம் முழுக்கப் பச்சையாக இருக்கும் மரங்கள்: காயா, உலக்கைப்பாலை, காட்டெலுமிச்சை வகையறா. மலைக்காட்டை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு ஏமாற்றமாக இருக்கும். ஆனால் சென்னை மண்ணுக்கு உரிய காடு இதுதான், அதிலும் மிஞ்சியது சொற்பம். உள்ளே புள்ளிமானும் வெளிமானும் உண்டு. வெளிமானுக்கு வேண்டியது திறந்த புல்வெளி. புதர் மண்டினால் அதற்கு இடமில்லாமல் போகும். மரம் நட்டால் எங்கும் நல்லதுதான் என்று நினைப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்லும் உதாரணம் இது.

மற்ற இடங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். மேடவாக்கத்தை ஒட்டிய நன்மங்கலம் காப்புக்காடு புதர்க்காடும் பழைய கல்குவாரிகளும் கொண்டது, கொம்பன் ஆந்தைக்குப் பேர்போனது. அனுமதி வாங்கி, தெரிந்த குழுவோடு மட்டும் போங்கள், குவாரி விளிம்பு ஆபத்தானது. அடையாறு பிரம்மஞான சபைத் தோட்டத்துப் பெரிய ஆலமரத்தின் தாய்மரம் 1989 புயல்காற்றில் சாய்ந்துவிட்டது, விழுதுகள் நிற்கின்றன. குறிப்பிட்ட நேரம் மட்டுமே உள்ளே விடுவார்கள். கதீட்ரல் சாலைச் செம்மொழிப் பூங்கா அழகான தோட்டம், 2010இல் திறந்தது. நிழலுக்கும் படத்துக்கும் சரி, காட்டு உயிர் பார்க்க அங்கே போக வேண்டாம். பெசன்ட் நகர் கடற்கரைக்கு மார்ச், ஏப்ரல் மாலைகளில் போனால், பொரிப்பகத்திலிருந்து பங்குனி ஆமைக் குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்க்கலாம். 1988 முதல் மாணவர் அமைப்பு ஒன்று இதைச் செய்து வருகிறது. முட்டை தேடும் இரவு நடை நள்ளிரவு தாண்டிப் போகும், ஆறு வயதுக்கு அது வேண்டாம், குஞ்சு விடும் மாலை போதும்.

இனி, உறுதியாகச் சொல்ல முடியாத சில விஷயங்கள். நாட்டு மரம் புயலைத் தாங்கும், வெளிநாட்டு மரம் விழும் என்பார்கள். 2016 டிசம்பர் 12 வர்தா புயலில் குல்மோகரும் இயல்வாகையும் தூங்குமூஞ்சியும் ஏராளமாக விழுந்தது உண்மை. ஆனால் விழுந்த மரங்கள் பலவற்றுக்கு ஒரு பக்கம் வேரே இல்லை, மழைநீர் வடிகாலுக்கும் கேபிளுக்கும் தோண்டி வெட்டியிருந்தார்கள், அடியில் சிமெண்ட் பூசியிருந்தார்கள். இனம் எவ்வளவு காரணம், வேர் வெட்டு எவ்வளவு காரணம் என்று பிரிப்பது கடினம். இரண்டுக்கும் பங்குண்டு என்பது என் கருத்து. அப்புறம், மாநகராட்சி இப்போது நெருக்கமாக நட்டு வளர்க்கும் மியாவாக்கிக் காடுகள். வெறும் குப்பைமேட்டைவிட நூறு மடங்கு மேல். கதிர்க்குருவிகள் அவற்றில் தங்குவதைப் பார்க்கிறேன். ஆனால் இடைவெளிவிட்டு வளரும் நம் வறண்ட காட்டின் இயல்பு அதில் வருமா என்ற கேள்வி தாவரவியலாளர்களிடையே இருக்கிறது, முப்பது வருடம் கழித்துப் பார்த்தால்தான் பதில் கிடைக்கும்.

மழைக்காலத்தில் பூங்காவுக்கு மேலே கூட்டங்கூட்டமாகப் பறக்கும் பொன்னிறத் தட்டான்கள் இந்தியப் பெருங்கடலைத் தாண்டி ஆப்பிரிக்கா போகின்றன என்று படித்திருப்பீர்கள். நன்னீர் அரிதான மாலத்தீவில் அக்டோபரில் அவை திரள்திரளாக வந்திறங்குவது உண்மை, கடல் கடப்பதற்கு வலுவான சான்று அது. அதற்காக உங்கள் தலைக்கு மேல் பறக்கும் அந்தத் தட்டானே ஆப்பிரிக்கா போகிறது என்று பெண்ணிடம் சத்தியம் செய்யாதீர்கள். பெயர் சொல்லும் செயலிகளும் இப்படித்தான். மெர்லினும் ஐநேச்சுரலிஸ்ட்டும் நல்ல துணைகள். படம் தெளிவாக இருந்தால் பொதுவான பறவை, மரங்களில் பெரும்பாலும் சரியாகச் சொல்லும். புல், பூச்சி, இளம் செடி என்றால் அடிக்கடி தடுமாறும். செயலி சொன்னது என்பதற்காக எந்தக் காயையும் கீரையையும் காளானையும் வாயில் வைக்காதீர்கள்.

பாதுகாப்பு விஷயமாக: காலையிலும் மாலையிலும் கொசு அதிகம், டெங்குக் கொசு பகலில் கடிப்பது. முழுக்கைச் சட்டை போடுங்கள். சருகுக் குவியலிலும் கல் இடுக்கிலும் கைவிடக் கூடாது என்பதைப் பெண்ணுக்குப் பழக்குங்கள். தென்சென்னையில் சாரைப்பாம்புதான் அடிக்கடி தென்படும், ஆனால் நல்லபாம்பும் கண்ணாடி விரியனும் இருக்கின்றன. எந்தப் பாம்பு என்று ஆராய வேண்டாம், விலகி நில்லுங்கள். கடித்துவிட்டால் கட்டுப்போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கூடாது, அசையாமல் வைத்து நேரே அரசு மருத்துவமனை. குரங்குக்கும் மானுக்கும் தின்பண்டம் போடாதீர்கள். பிளாஸ்டிக் உறையோடு தின்று குடல் அடைத்துச் செத்த மான்களின் கதை கிண்டிப் பக்கம் ஏராளம்.

உங்கள் பூங்காவில் விளக்கு எரியவில்லை, வேரைச் சுற்றி சிமெண்ட் பூசுகிறார்கள், கூடு இருக்கும் கிளையை வெட்டுகிறார்கள் என்றால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லிப் புகார் எண்ணை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு தடவையில் நடக்கும் என்று உத்தரவாதம் தர மாட்டேன். நாலு பேர் தனித்தனியாகச் சொன்னால் நடக்கிறது. நடைப்பயிற்சிக்கு வரும் பெரியவர்கள் இதில் கெட்டிக்காரர்கள், அவர்களோடு சிநேகம் பிடியுங்கள்.

ஜனவரியில் பொங்கல் விடுமுறையை ஒட்டி நான்கு நாள் பொங்கல் பறவைக் கணக்கெடுப்பு தமிழ்நாடு முழுக்க நடக்கும், யார் வேண்டுமானாலும் சேரலாம், கட்டணம் இல்லை. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்றோ நடந்தோ, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் ஈபேர்ட் (eBird) என்ற பறவைப் பதிவு இணையதளத்தில் பதிய வேண்டும். காக்கை எட்டு, மைனா மூன்று, மாடப்புறா இருபது என்று மட்டும் இருந்தாலும் செல்லும். தெரியாத பறவையை ஊகித்துப் போடாமல் விட்டுவிடுங்கள். கணக்கை உங்கள் பெயரில் தொடங்கிக்கொண்டு, எண்ணும் வேலையைப் பெண்ணிடம் விடுங்கள்.